நூற்று எண்பத்து நான்கு கூடுகள்

வக்காவின் எச்சம் வெள்ளைச் சட்டையில் விழுந்தால் எப்படிக் காயும் என்று உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பிரேசர் டவுனில் பிறந்த என் வயதுக்காரர்களைத்தான் கேட்கிறேன். விழுந்தவுடன் சுண்ணாம்பு மாதிரி இருக்கும். வெயில் பட்டால் ஓரம் பச்சையாகும். எத்தனை முறை துவைத்தாலும் ஒரு பழுப்பு வட்டம் மட்டும் போகாது. என் ஞாயிற்றுக்கிழமைச் சட்டையில் அப்படி ஏழு வட்டங்கள் இருந்தன. அம்மா ஆறு என்பாள். காலருக்கு அடியில் இருந்ததை அவள் பார்க்கவில்லை.

வக்கா என்றால் கொக்கு வகைதான். சாம்பல் உடம்பு, கருந்தலை, சிவந்த கண். பகலெல்லாம் கழுத்தை உள்ளிழுத்துக்கொண்டு, பென்ஷன் வாங்க வந்த கிழவனைப் போல மரத்தில் குந்தியிருக்கும். பொழுது சாய்ந்ததும் 'வாக்' என்று ஒரு சத்தம் போட்டுவிட்டு ஏரிப் பக்கம் கிளம்பும். எங்கள் சபைக் கோயிலைச் சுற்றி நான்கு பெரிய தூங்குமூஞ்சி மரங்கள் நின்றன. கோயில் என்றால் எங்களுக்கு சர்ச். மே மாதம் முதல் மழை விழுந்தவுடன் அந்த நான்கு மரங்களிலும் வக்காக்கள் வந்து கூடு கட்டும். கீழே அழுகிய மீனும் ஈரச் சுண்ணாம்பும் கலந்த நாற்றம் அடிக்கும். பிரசங்கத்தின் நடுவே கூரை ஓட்டில் 'சொத்' என்று விழும். ஒரு ஆராதனையில் அதிகபட்சமாக முப்பத்தொரு 'சொத்' எண்ணியிருக்கிறேன். பிரசங்கம் என்னவென்று கேட்காதீர்கள்.

நான் சொல்லப்போவது இரண்டாம் யுத்தம் தொடங்குவதற்கு முந்தின ஒரு மழைக்காலம். எனக்கு ஒன்பது வயது.

என் அப்பாவின் அக்கா எங்கள் வீட்டுப் பின்னறையில் இருந்தாள். வீடு வீடாகப் போய்ப் பிரசவம் பார்க்கும் நர்ஸ். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தோல் பை, அதில் லைசால் புட்டி, கத்தரி, குழந்தையைத் தொங்கவிட்டு எடை பார்க்கும் ஸ்பிரிங் தராசு, இவற்றோடு ஒரு பைனாகுலர். சீமைக்குத் திரும்பிய ஒரு வெள்ளைக்காரச் சிப்பாயின் மனைவி கொடுத்துவிட்டுப் போனது. அதில் ஒரு பக்கக் கண்ணாடி உடைந்திருந்ததால் அத்தை இடது கண்ணை மூடிக்கொண்டுதான் பார்ப்பாள். பன்னிரண்டு வருடம் அப்படிப் பார்த்ததில், வெறும் முகத்தோடு பேசும்போதும் இடது கண் சற்றுச் சுருங்கியே இருக்கும். அவள் எல்லாரையும் சந்தேகப்படுகிறாள் என்று எங்கள் தெரு சொன்னது. சந்தேகம் ஒன்றும் இல்லை. அந்தக் கண் பழகிவிட்டது, அவ்வளவுதான். இதைச் சொல்ல அப்போது ஒரு மனிதர் இல்லை.

அத்தை பறவைகளை எழுதிவைத்தாள். அதற்கென்று தனியாக நோட்டு வாங்கவில்லை. கறுப்புக் காலிகோ அட்டை போட்ட நீளமான ரிஜிஸ்டர் ஒன்று. முன்பக்கம் திறந்தால் அவள் கையில் பிறந்த குழந்தைகள். தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கம் திறந்தால் பறவைகள். இரண்டுக்கும் ஒரே கட்டங்கள். தேதி, நேரம், வீடு அல்லது மரம், பிறந்தது எத்தனை, உயிரோடு எத்தனை, இறந்தது எத்தனை, குறிப்பு. வாலாட்டிக்குருவி எந்த வருடம் எந்தத் தேதியில் எங்கள் கிணற்றடிக்கு வந்தது, சுடலைக்குயில் மழைக்கு எத்தனை நாள் முன்பு கூவியது, பரேடு மைதானத்துக் கொண்டலாத்தி எத்தனை குஞ்சு பொரித்தது என்று ஒன்பது வருடக் கணக்கு அதில் இருந்தது. பிரசவ வீட்டில் வலி தொடங்கிக் குழந்தை வருவதற்கு இடையே எத்தனை மணி நேரம் சும்மா உட்கார வேண்டும் என்று நினைக்கிறீர்கள்? மற்ற நர்சுகள் அந்த நேரத்தில் வெற்றிலை போட்டார்கள். இவள் ஜன்னல் வழியே பார்த்தாள்.

ஆஸ்பத்திரியில் ஒரு வெள்ளைக்கார டாக்டர், தானும் பறவை பார்ப்பவர், அந்த ரிஜிஸ்டரை ஒருமுறை புரட்டியிருக்கிறார். சுட்டு, தோலுரித்து, பஞ்சு அடைத்த பறவை கையில் இல்லாமல் எழுதிய குறிப்பு எதற்கும் ஆகாது என்று சொன்னாராம்.

அத்தை வீட்டுக்கு வந்து அப்பாவிடம் பொரிந்தாள். "புள்ள பொறந்துச்சுன்னு நிரூபிக்க, புள்ளயக் கொன்னா காட்டறேன் நானு? அந்தாளு கேக்குற கேள்வி நல்லா இருக்குதா?"

தெருக் குழாயடியில் பேச்சு வேறு மாதிரி. "தனக்குன்னு ஒண்ணு பெத்துக்கல, கொக்குக்குப் பேறு பாக்குறா" என்று ஒருத்தி அத்தை காதுபடவே சொன்னாள். அத்தை குடத்தைக் கீழே வைக்கவில்லை. "கொக்கு ஊரக் கூட்டாதுடீ. ஒன்ன மாதிரி என் கையப் புடிச்சுக் கடிக்காது" என்றாள். சொன்னவள் மூன்று மாதத்துக்கு முன்புதான் பெற்றிருந்தாள். குழாயடியில் பதினாறு பேர் இருந்தார்கள். பதினைந்து பேர் சிரித்தார்கள்.

கூடு எண்ணும் வேலைக்கு மட்டும் அவளுக்கு இன்னொரு ஆள் வேண்டியிருந்தது. எனக்குச் சொல்லித் தருவதற்காகச் சேர்த்துக்கொண்டாள் என்று நினைக்க வேண்டாம். அவளுக்கு அந்தப் பொறுமையே கிடையாது. பள்ளிக்கூடத்துக்கு எத்தனை அடி, சாம்பாரில் எத்தனை கத்தரிக்காய்த் துண்டு என்று நான் சும்மாவே எண்ணிக்கொண்டிருந்தவன். அந்தப் பைத்தியம் அவளுக்குப் பயன்பட்டது. ஆஸ்பத்திரியில் பிரசவம் முடிந்ததும் உள்ளே வைத்த பஞ்சையும் துணியையும் இரண்டு பேர் தனித்தனியே எண்ணுவார்களாம். இரண்டு எண்ணிக்கையும் ஒத்துப்போனால்தான் ரிஜிஸ்டரில் ஏறும். ஒன்று குறைந்தால் உள்ளேயே தங்கிவிட்டது என்று பொருள். மூன்றாம் நாள் காய்ச்சல், பத்தாம் நாள் அடக்கம்.

"வேற நம்பர் வந்தா ஒடனே வாயத் தொறந்து சொல்லணும்" என்றாள் முதல் நாளே. "டாக்டர் நிக்கறாங்க, பெரியவங்க இருக்காங்கன்னு மென்னு முழுங்கினா ஒரு உசுரு போயிடும். புரியுதா?"

புரிந்தது. எனக்கு அதைவிட நன்றாக எதுவுமே புரிந்ததில்லை.

அவள் தெற்கிலிருந்து, நான் வடக்கிலிருந்து. எண்ணிய பிறகு சுவரோரம் சந்தித்து எண்ணை ஒரே நேரத்தில் சொல்வோம். அந்த வருடம் முதல் மரத்தில் அறுபத்தொன்று, இரண்டாவதில் நாற்பத்தெட்டு, மூன்றாவதில் ஐம்பத்திரண்டு, மணிக்கூண்டுப் பக்கத்து மரத்தில் இருபத்து மூன்று. ஆக நூற்று எண்பத்து நான்கு. இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று. ரிஜிஸ்டரில் ஏறியது.

ஜூன் பாதியில் குஞ்சு பொரித்தன. ஆகஸ்ட் முதல் வாரத்தில்தான் எல்லாம் பறக்கும். ஆனால் ஜூலையில் கோயில் பிரதிஷ்டைப் பண்டிகை. சபையார் முழுவதும் மரத்தடியில் பந்தல் போட்டு உட்கார்ந்து விருந்து சாப்பிடுவார்கள். அதற்கு முன்னால் நான்கு மரங்களையும் கழித்து மொட்டையாக்கிவிட வேண்டும் என்று சபைக் காரியங்களைப் பார்க்கும் பாஸ்டரேட் கமிட்டியின் செக்ரெட்டரி கிளம்பினார். தபால் ஆபீசில் ஹெட் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். கோட்டுப் பையில் மூன்று பேனா வைத்திருப்பார். ஒன்றில்தான் மை இருக்கும்.

மரங்கள் ரோட்டோரம் இருந்ததால் முனிசிபாலிட்டி சம்மதம் வேண்டும். கமிட்டி தீர்மானம் போட்டு மனு அனுப்பினால் கிடைத்துவிடும். அதற்கான கூட்டம் ஒரு ஞாயிறு ஆராதனைக்குப் பிறகு நடந்தது. ஒன்பது ஆண்கள். அதில் என் அப்பாவும் ஒருவர். அந்த ஒன்பது பேரில் எட்டுப் பேருடைய பிள்ளைகள் என் அத்தை கையில் பிறந்தவர்கள். அத்தை கமிட்டியில் இல்லை. பெண்கள் இருக்க முடியாது. போதகரிடம் சொல்லி, இரண்டு வார்த்தை பேச அனுமதி வாங்கியிருந்தாள். ரிஜிஸ்டரை நான் தூக்கிக்கொண்டு போனேன்.

"ஆறு வாரம் பொறுத்துக்குங்க ஐயா" என்றாள் போதகரிடம். "குஞ்சு எல்லாம் பறந்துடும். அப்புறம் கழிச்சிக்குங்க, நானே ஆள் கூட்டியாரேன்."

செக்ரெட்டரி சிரித்தார். "இது ஆண்டவருடைய ஆலயமா, கொக்குப் பண்ணையா? போன வருஷம் என் இலையில, பாயசத்து மேல உழுந்துது. இந்தம்மாவுக்கு அது ஒரு கேஸு! எழுதிக்குவாங்க!"

கமிட்டி சிரித்தது. அப்பா சிரிக்கவில்லை. ஆனால் வாயையும் திறக்கவில்லை.

போதகர் நல்ல மனிதர். யாரையும் மனம் நோகவிடாதவர். அவரைப் போன்றவர்களால்தான் பாதிக் காரியம் கெடுகிறது. அவர் கேட்டார். "எத்தனை கூடும்மா இருக்கும்? அம்பது அறுபதுன்னா பந்தலத் தெக்குப் பக்கம் தள்ளிப் போட்டு ஒப்பேத்திடலாம். என்ன செக்ரெட்டரி?"

செக்ரெட்டரி உதட்டைப் பிதுக்கினார். "அம்பது அறுபதுன்னா... சரி, பாக்கலாம்."

அத்தை ஒரு நொடி கூடத் தாமதிக்கவில்லை. "அறுபதுக்குள்ளதான் ஐயா."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். இடது கண் சுருங்கியிருந்தது. அவளுக்கு எண்ணிக்கை மறந்துவிட்டது என்று நினைத்தேன். நூற்று இருபத்து நான்கு குறைகிறது. ஒரு பஞ்சு குறைந்தாலே ஒரு உயிர் போகும். பெரியவர்கள் முன்னால் மென்று முழுங்கக் கூடாது.

"இல்ல அத்த" என்றேன். அறை முழுவதும் கேட்டது. "நூத்தி எண்பத்து நாலு. ரெண்டு பேருக்கும் ஒத்துப்போச்சே!"

அப்பாவின் கை என் தோளில் அழுந்தியது. அந்த அழுத்தம் எதற்கென்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததால் மரம் மரமாகப் பிரித்தும் சொன்னேன். அறுபத்தொன்று, நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, இருபத்து மூன்று.

"அந்தப் புஸ்தகத்தக் குடு தம்பி" என்று செக்ரெட்டரி கையை நீட்டினார். கொடுத்தேன்.

அவர் முன்பக்கத்தைத் திறந்துவிட்டார். மூன்று நான்கு தாள் புரட்டினார். ஒரு தாளில் நின்றார். அவர் காது மடல்கள் சிவந்ததைப் பார்த்தேன். பிறகு அத்தையை நிமிர்ந்து பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் புரியவில்லை. ஆத்திரம் மாதிரி இருந்தது. பயம் மாதிரியும் இருந்தது. சட்டென்று புத்தகத்தைத் திருப்பிப் பின்பக்கம் திறந்து, கூடுகளின் கூட்டுத்தொகையைக் கண்டுபிடித்து உரக்கப் படித்தார். மூடினார். கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"ஆலயத்துல நின்னு பொய் சொல்றாங்க" என்றார். "புஸ்தகம் கமிட்டி வசம் இருக்கட்டும். மனுவோட அனுப்பணும்."

"அது என் கேஸ் புக்குங்க" என்றாள் அத்தை. "அதுல மத்தவங்க வீட்டு விசயமும் இருக்குது. வெளிய போகக் கூடாது."

அவள் சொன்னது ஒரு நர்ஸ் சொல்ல வேண்டிய வார்த்தை. செக்ரெட்டரிக்கு அது எப்படிக் கேட்டிருக்கும் என்று நான் கண்டுகொள்ள இருபது வருடம் ஆனது. அதற்கு முன் வருடக் கிறிஸ்துமஸ் சமயம் அவருடைய பெரிய பெண்ணின் குழந்தைக்கு எங்கள் கோயிலில் ஞானஸ்நானம் நடந்தது. அழுத குழந்தையின் வாயில் நான் இரண்டு பல் எண்ணினேன். பிற்பாடு நானே அந்தக் கமிட்டியில் இருந்தபோது பழைய பதிவேட்டைப் பார்த்தேன். குழந்தை பிறந்தது அக்டோபர் என்று அதில் எழுதியிருந்தது. இரண்டு மாதக் குழந்தைக்கு இரண்டு பல். அந்தப் பெண்ணின் கல்யாணம் அதே வருடம் ஜனவரி. செக்ரெட்டரி நின்ற அந்தத் தாளில் இருந்தது வேறு மாதமாகத்தான் இருக்கும். மீதியை எண்ணிக்கொள்ள என்னைப் போன்றவனுக்கு எவ்வளவு நேரமாகும்? அந்தப் பெண்ணும் இப்போது இல்லை, அந்தப் பிள்ளையும் இல்லை. யாருக்கும் இதில் அவமானமில்லை என்றே நினைக்கிறேன். ஆனால் அத்தை தன்னை மிரட்டத்தான் அந்தப் புத்தகத்தோடு வந்தாள் என்று ஒரு மனிதர் நினைத்தாரே, அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. மிரட்டும் எண்ணம் இருந்திருந்தால் அவள் எதற்காக அறுபது என்று பொய் சொல்ல வேண்டும்? அந்தப் புத்தகத்தின் பலம் அந்த அறையில் அவள் ஒருத்தியின் நினைவுக்குத்தான் வரவில்லை.

அப்பா இரண்டு முறை போய்ப் புத்தகத்தைக் கேட்டார். "முனிசிபாலிட்டிலேர்ந்து இன்னும் வரல" என்று ஒருமுறை. "வந்துது, எங்கயோ வச்சிருக்கு, தேடறோம்" என்று ஒருமுறை. ஒன்பது வருடப் பறவைகள். மூன்றாம் முறை கேட்க அப்பாவுக்குக் கூச்சமாக இருந்ததாம். கூச்சம்!

இதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பிறகு சொல்ல மனம் வராது. பண்டிகை அன்று, பந்தலில், சபையார் எல்லார் முன்னிலையிலும் போதகர் என்னை மேடைக்குக் கூப்பிட்டார். பெரியவர்களுக்கு அஞ்சாமல் உண்மை பேசிய பிள்ளை என்று ஞாயிறு பள்ளிப் பரிசு கொடுத்தார். ஓரத்தில் பொன் கோடு போட்ட வசன அட்டை. அதில் சிவப்பு மார்போடு ஏதோ சீமைக் குருவி ஒன்று பனியில் உட்கார்ந்திருந்தது. கை தட்டினார்கள். அத்தை அன்று ஒரு பிரசவத்துக்குப் போயிருந்தாள். வேண்டுமென்றே போனாள் என்று அம்மா சொன்னாள். பிரசவம் அப்படி வேண்டுமென்று வருமா? அந்த அட்டையை நான் கிணற்றில் போட்டேன். மூழ்காமல் நாலு நாள் மிதந்தது.

மரம் கழித்தது அந்தக் கூட்டத்துக்கு ஐந்தாம் நாள், வியாழக்கிழமை காலை. அவ்வளவு வேகமாக முனிசிபாலிட்டி வேலை செய்து நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. மரம் ஏறுகிறவர்கள் நான்கு பேர். கன்னடக்காரர்கள். மேலே இருந்தவன் ஒவ்வொரு கிளையையும் வெட்டி முடிக்கும்போது "கொம்பே! கொம்பே!" என்று கத்துவான். கீழே இருக்கிறவர்கள் விலகுவார்கள். கிளை இறங்கும். கூடுகள் சுள்ளி சுள்ளியாகக் கழன்று, அதற்கு முன்பே விழுந்துவிடும்.

வக்காக் குஞ்சு அழகாக இருக்காது. தலையில் மயிர் குத்திட்டு நிற்கும். வயிறு பெரிது. பயந்தால் தின்ற மீனைக் கக்கும். விழுந்த ஒவ்வொன்றும் கக்கியது. தாய்ப் பறவைகள் மேலே வட்டமிட்டன. பட்டப்பகலில் அத்தனை வக்கா பறந்து நான் பார்த்ததில்லை. காக்கைகள் சுவரில் வரிசையாக வந்து உட்கார்ந்தன.

அத்தை வெள்ளைப் புடவையில், பிரசவத்துக்கு எடுத்துப்போகும் எனாமல் பேசினோடு வந்தாள். நான் பள்ளிக்கூடம் போகவில்லை.

"நர்ஸம்மா, தூரம் போங்க, தலை மேல பிழும்" என்று கீழே கயிறு பிடித்திருந்தவன் தனக்குத் தெரிந்த தமிழில் கெஞ்சினான்.

"நீ வெட்டு. நான் பாத்துக்கறேன்."

"ஏனு மாடோது அம்மா, நம்ம கெலசா இது." என்ன செய்வது, எங்கள் வேலை இது என்றான்.

"தெரியும்பா. ஒன்ன யாரு என்ன சொன்னா?"

கொஞ்ச நேரம் கழித்து அவன் மேலே இருந்தவனுக்கு ஏதோ சொன்னான். அடுத்த கிளையைக் கயிறு கட்டி மெதுவாக இறக்கினார்கள். அதிலிருந்த மூன்று குஞ்சுகளைத் தன் தலைத்துண்டில் அள்ளி வந்து பேசினில் வைத்தான். அவன் மனைவிக்கு அத்தை பிரசவம் பார்த்திருக்கிறாளாம், மூட்டைக்காரர் சந்தில். கயிறு கட்டினால் நேரமாகிறது என்று செக்ரெட்டரி கேட்டிலிருந்து சத்தம் போட்டார். பிறகு அவன் கயிறு கட்டவில்லை.

உயிரோடு எடுத்தவை பதினான்கு. எங்கள் குளியலறையில் வைத்து, மார்க்கெட்டிலிருந்து பொடி மீன் வாங்கிப் போட்டாள். ஐந்து பிழைத்துப் பறந்தன.

பதினொரு மணிக்கு வேலை முடிந்தது. நான்கு மரங்களும் கை வெட்டிய மனிதர்களைப் போல நின்றன. கேட்டில் ஆள் இல்லை. அத்தை புடவைத் தலைப்பால் கையைத் துடைத்துக்கொண்டாள். வலது கை தன்னால் இடது கக்கத்துக்குப் போயிற்று. அங்கே ரிஜிஸ்டர் இல்லை. கையை இறக்கினாள்.

"நான் தெக்காலேர்ந்து வரேன்" என்றாள். "நீ வடக்காலேர்ந்து வா. செத்தத மட்டும்."

அதைத் தவிர அந்த ஐந்து நாளில் அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. கோபித்தாள் என்று சொல்ல மாட்டேன். சோறு போட்டாள். தலை வாரிவிட்டாள். திட்டியிருந்தால் எனக்கு எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

குனிந்து எண்ணினேன். கிளைக்கு அடியில் கிடந்தவற்றைக் குச்சியால் நகர்த்திப் பார்த்து எண்ணினேன். சாக்கடையில் கிடந்தவற்றையும் சேர்த்தேன். ஒன்றின் மேல் ஒன்று கிடந்த இடத்தில் கால்களை எண்ணி இரண்டால் வகுத்தேன். மூன்றாவது மரத்தடியில் நாங்கள் சந்தித்தோம். எப்போதும் போல ஒரே நேரத்தில் சொல்வதற்காக அவள் வாயைத் திறந்து, எனக்காகக் காத்தாள்.

என் வாயில் எண் தயாராக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை நான் ஒரு எண்ணைச் சொன்னதால்தான் இத்தனையும் இங்கே தரையெல்லாம் கிடந்தன.

"எண்ணல அத்த" என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். படிக்கட்டைக்கூட எண்ணாமல் ஏறாதவன் நான். அது அவளுக்குத் தெரியும். இடது கண் கொஞ்சம் சுருங்கியது. நான் கீழே பார்த்துக்கொண்டேன்.

"சரி, போ" என்றாள். "ஒருத்தர் எண்ணினது கணக்குல ஏறாது."

பேசினை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதன்பின் இருபத்திரண்டு வருடம் இருந்தாள். வேறு ரிஜிஸ்டர் போட்டாள். குழந்தைகளையும் பறவைகளையும் எழுதினாள். அந்த வியாழக்கிழமையை எழுதவில்லை. தன் எண்ணிக்கை என்ன என்று அவளும் சொல்லவில்லை. கேட்க எனக்கும் தைரியம் வரவில்லை.

என் எண்ணிக்கை இருநூற்றுப் பதினொன்று.